இரண்டு ஆள், ஒரு அட்டை

2020 ஜூன் முதல் வாரம். கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜன சதாப்தி சிறப்பு ரயிலில் நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் ஏறினோம். ஊரடங்குக்கு அப்புறம் தமிழ்நாட்டுக்குள் ஓடத் தொடங்கிய முதல் சில ரயில்களில் அது ஒன்று. நாங்கள் வழக்கமாக வந்துபோகும் செம்மொழி எக்ஸ்பிரஸ் அப்போது ஓடவில்லை. மன்னார்குடியில் கிளம்பி, நீடாமங்கலத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு, விடியும் முன்னே திருப்பூரில் இறக்கிவிடும் வண்டி அது. எங்கள் பக்கத்தில் பனியன் வேலைக்குப் போகிற முக்கால்வாசிப் பேருக்கு அந்த வண்டிதான் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பாலம்.

கையில் இ-பாஸ் எடுத்த தாள், இரண்டு பை, ஒரு சாக்கில் மிக்சியும் நாலு பாத்திரமும். கேஸ் அடுப்பைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் 800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். சிலிண்டரை மட்டும் விற்கவில்லை. திரும்பி வருவோம் என்று இவர் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் இறங்கும்போது நெற்றியில் ஒரு கருவியைக் காட்டிச் சூடு பார்த்தார்கள். அங்கிருந்து பாதி சீட்டு காலியாக ஓடிய பஸ்ஸில் நீடாமங்கலம். ஊருக்குள் நுழைந்ததும் அத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கோபமில்லை, பயம். மாட்டுக் கொட்டகையைக் கூட்டி, சாணி தெளித்து, பாய் போட்டு வைத்திருந்தார். "ரெண்டு வாரம் இங்கயே இருங்கப்பா, ஊர்ல ஆளாளுக்குப் பேசுறாங்க" என்றார். ஏழு வயது மகள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, கொட்டகையில் இருந்த எங்களோடு சத்தமாகப் பேசினாள். நடுவில் பத்தடி முற்றம். அவளை அத்தையிடம் விட்டுவிட்டுத்தான் நாங்கள் இரண்டு பேரும் சம்பாதிக்கப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது இரண்டு பேர் கையிலும் வேலை இல்லை.

இதை எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருக்கிறேன். ஊரடங்கில் கஷ்டப்பட்டவர்கள் கதை நிறைய வந்துவிட்டது. எங்களைவிட எத்தனையோ மடங்கு பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கணவன், மனைவி இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனால் அந்த வீடு என்ன ஆகும், அவர்கள் சேர்ந்து வேலை தேடும்போது என்ன நடக்கும் என்பதை யாரும் விவரமாகச் சொல்லி நான் படிக்கவில்லை.

முதலில் நாங்கள் ஏன் திருப்பூர் போனோம் என்று சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆனது 2012-ல். அந்த வருஷம் மேட்டூர் அணையைத் திறந்தது செப்டம்பர் 17. டெல்டாக்காரர்களுக்கு இந்தத் தேதி ஒன்றே போதும், மீதியைப் புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜூன் 12 திறந்தால்தான் குறுவை நெல் உண்டு. தள்ளிப்போனால் ஒரு போகம் போச்சு. அந்த வருஷத்திலிருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் குறித்த நாளில் அணை திறக்கவில்லை. ஆகஸ்டில் திறந்தார்கள், செப்டம்பரில் திறந்தார்கள், 2017-ல் அக்டோபர் 2-ஆம் தேதி திறந்தார்கள். பம்பு செட் வைத்திருப்பவர்கள் குறுவை போட்டார்கள். நிலமே இல்லாமல் கூலிக்குப் போகிற எங்களுக்கு, நடவே இல்லாத ஆனியும் ஆடியும் வெறும் பட்டினி மாதங்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். அந்த வருஷம்தான் மகளை அத்தையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

நான் ஓவர்லாக் டெய்லர். இவர் அயர்னிங். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. காலையில் எட்டரைக்கு ஒரே கேட்டில் நுழைந்து, ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ராத்திரி எட்டரைக்கு ஒரே கேட்டில் வெளியே வருவோம். அது ரொம்ப வசதி என்று நினைத்தோம். ஒரே டிபன் கேரியர், ஒரே சைக்கிள். சனிக்கிழமை சம்பளக் கவர் இரண்டையும் வீட்டில் வைத்துப் பிரித்து, வாடகைக்கு இவ்வளவு, அத்தைக்கு இவ்வளவு, குழுக்கடனுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவோம். "ரெண்டு சம்பளம் வருது, உங்களுக்கென்ன" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

2020 மார்ச் 21 சனிக்கிழமை வாங்கியதுதான் கடைசிக் கவர். மறுநாள் ஞாயிறு மக்கள் ஊரடங்கு, 25-ஆம் தேதியிலிருந்து நாடு முழுவதும் பூட்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடிவிட்டதால் ஆர்டர்களை ரத்து செய்கிறார்கள், தள்ளி வைக்கிறார்கள் என்று சேதி வந்தது. தைத்து, தேய்த்து, மடித்து, அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டின சரக்கு அப்படியே குடோனில் கிடந்தது. அப்போதுதான் எங்களிடம் இருந்தது இரண்டு சம்பளம் இல்லை என்று புரிந்தது. ஒரே கூரைக்குக் கீழே இருந்த ஒரே சம்பளத்தை இரண்டு கவரில் வாங்கிக்கொண்டிருந்தோம். கூரை போனதும் இரண்டும் சேர்ந்து போயின. இவர் வேறு தொழிலில் இருந்திருந்தால், பால் வண்டியோ, மளிகைக் கடையோ, காய்கறி மார்க்கெட்டோ, ஒரு அடுப்பாவது எரிந்திருக்கும். இன்று நாங்கள் மறுபடியும் திருப்பூரில்தான் இருக்கிறோம். ஆனால் வேறு வேறு கம்பெனி. பக்கத்துப் பக்கத்தில் வேலை கிடைத்தும் நான் சம்மதிக்கவில்லை. 2023-ல் ஆர்டர் குறைந்தபோது இவர் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள், என் கம்பெனி ஓடியது. தப்பித்தோம்.

மே மாதம் கம்பெனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். போன் வந்தது. டெய்லர் இருபது பேர் போதும், முகக்கவசம் தைக்க. "குடும்பத்துக்கு ஒரு ஆள்தான், ரெண்டு பேரும் வந்து நிக்காதீங்க" என்று சூப்பர்வைசர் சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது, இருக்கிற வேலையை நாலு வீட்டுக்குப் பகிர்ந்து கொடுக்கப் பார்த்தார். நான் போனேன். இவர் லைன் வீட்டில், ஓட்டுக்குக் கீழே, மே மாத வெயிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத்தில் முகக்கவசமும் முடிந்துபோனது. வாடகை 3,500 ரூபாய், இரண்டு மாதம் பாக்கி. அரிசி அட்டைக்கு அரசாங்கம் ஏப்ரலில் கொடுத்த 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் ஊரில் அத்தை கையில் கிடைத்தன. எங்கள் பெயர் இருந்தது அந்த அட்டையில்தான். வயிறு திருப்பூரில், அட்டை நீடாமங்கலத்துப் பக்கம்.

குழுக்கடன் 30,000 வாங்கியிருந்தேன். மார்ச்சிலிருந்து மே வரைக்கும் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, பிறகு ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தவணைதான் தள்ளிப்போனது, வட்டி தள்ளிப்போகவில்லை. வசூலுக்கு வருகிற தம்பி போனில் இதை என்னிடம் மூன்று தடவை விளக்கிச் சொன்னார். "முடிஞ்சா கட்டிருங்கக்கா, உங்களுக்குத்தான் நல்லது." அவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது.

இப்படித்தான் ஜூனில் ஊர் வந்து சேர்ந்தோம்.

கொட்டகை வாசம் முடிந்ததும் முதலில் தேடிப் போனது நூறு நாள் வேலை. எங்கள் திருவாரூர்ப் பக்கத்தில் அந்த வேலையின் அருமை தெரியாதவர்கள் அதைப் பற்றி லேசாகப் பேசுவார்கள், மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள் என்று. அந்த வருஷம் வாய்க்கால் தூர்வாருகிற இடத்தில் என்னோடு மண்வெட்டி பிடித்தவர்களில் சென்னையில் ஹோட்டல் வேலை பார்த்தவர் இருந்தார், கோவையில் லேத் பட்டறையில் இருந்தவர் இருந்தார், பி.காம். முடித்த பெண் இருந்தாள். எல்லாரும் அந்த என்.எம்.ஆர். என்கிற வருகைப் பதிவுத் தாளில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் காலை ஏழு மணிக்கே வந்து நின்றார்கள்.

கூலி 2020 ஏப்ரலிலிருந்து 256 ரூபாய் என்று இருந்தது. வெட்டின மண்ணை அளந்து போடுவார்கள் என்பதால் எங்களுக்கு 200-க்குச் சற்று மேலே வங்கிக் கணக்கில் ஏறியது. சரி, அதுவும் பெரிது. விஷயம் அங்கே இல்லை. நூறு நாள் வேலை அட்டையில் இருந்தது. அப்போது வருஷத்துக்கு 100 நாள் என்பது ஆளுக்கு 100 நாள் இல்லை, குடும்பத்துக்கு. எங்கள் அட்டையில் நாலு பேர்: அத்தை, இவர், நான், கொழுந்தன். அத்தை எப்போதும் போகிறவர். ஈரோட்டிலிருந்து கொழுந்தனும் திரும்பி வந்திருந்தார். நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 25 நாள். முழுக் கூலியே கிடைத்தாலும் வருஷத்துக்கு, நாலு பேருக்கும் சேர்த்து, 25,600 ரூபாய்.

"தனி அட்டை போட்ருங்க" என்று ஊராட்சியில் சொன்னார்கள். அதற்கு முதலில் ரேஷன் அட்டையைப் பிரிக்க வேண்டும். ரேஷன் அட்டை பிரிய வேண்டும் என்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும், வந்து பார்ப்பார்கள். எங்களிடம் இருந்த அடுப்பை 800 ரூபாய்க்கு விற்றுவிட்டு வந்திருக்கிறோம். செங்கல் மூன்று வைத்துக் காட்டலாம் என்று நான் சொன்னேன். இவர் முகம் மாறிவிட்டது. "அம்மா நமக்காகக் கொட்டகைய மெழுகி வச்சாங்க. அவங்ககிட்டயே தனி அடுப்புன்னு நிக்கச் சொல்றியா?" அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நான் நினைப்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். அந்த மே மாதம் மத்திய அரசு இந்தத் திட்டத்துக்குக் கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. பணம் கூடியது, நாள் கூடவில்லை. 2005-ல் சட்டம் போட்டபோது ஒரு வீட்டில் ஒருவருக்கு வேலை போகும், மற்றவர் எங்காவது இருப்பார் என்று கணக்குப் போட்டிருக்கலாம். மொத்த வீடும் ஒரே வாரத்தில் வேலை இழந்து ஊர் திரும்பும் ஒரு வருஷம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில் பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் தனியாக நாள் கணக்கு வைக்க வேண்டும். பசி குடும்பத்துக்கு ஒன்று என்று வருவதில்லை. ஒரு வீட்டுக்குள் யார் போவது, யார் உட்காருவது என்று மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துக்கொண்டு நிற்கும்படி ஒரு திட்டம் வைக்கக் கூடாது. நாங்கள் நின்றோம். அத்தை, "நீங்க ரெண்டு பேரும் போங்க, எனக்கு முட்டி வலி" என்றார். அவருக்கு அப்படி ஒரு வலியும் இல்லை.

அந்த ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். எட்டு வருஷத்துக்கு அப்புறம் குறித்த நாளில். அணையில் அப்போது 100 அடிக்கு மேல் தண்ணீர் இருந்தது. 16-ஆம் தேதி கல்லணை. வெண்ணாற்றில் விட்ட தண்ணீர் மூணாறு தலைப்பு என்கிற மதகுக்கு வந்து, அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, எங்கள் ஊர் வாய்க்காலை எட்டிப் பார்க்க அந்த மாதத்தின் கடைசி ஆகிவிட்டது.

வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதை நான் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். அது தண்ணீர் மாதிரி வராது. முதலில் ஒரு சத்தம், காய்ந்த சருகை யாரோ இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி. அப்புறம் பழுப்பு நுரை. நுரைக்கு முன்னால் தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு, எறும்புக் கூட்டம் ஏறின குச்சி. வெடித்த மண்ணில் இறங்கும்போது புஸ் புஸ் என்று காற்றுக் குமிழி விட்டுக்கொண்டு நின்று நின்று வரும். மகள் அதன் கூடவே கரையில் நடந்தாள், ஓட வேண்டிய அவசியமில்லை, அவள் நடைக்குத்தான் அது வந்தது. நாங்கள் தூர்வாரிய இடத்தில் மட்டும் நிற்காமல் சரசரவென்று போனது. அத்தை பூவரச மரத்தடியில் நின்று, இரண்டு செம்பருத்தியைப் பறித்துப் போட்டுக் கும்பிட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தண்ணீர் வந்தால் நடவு. நடவு என்றால் பொம்பளை ஆள்.

என் அம்மா கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் நடவுக்குப் போய்த்தான் என்னைப் பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வைத்தார். பதினைந்து வயதில் லீவு நாளில் நானும் இறங்கியிருக்கிறேன். ஆனால் மூன்று வருஷமாக ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்தே பழகின இடுப்பு. முதல் நாள் பத்து மணிக்குள் நிமிர முடியவில்லை. இடது கையில் நாற்று முடியைப் படுக்க வைத்து, வலது கைக் கட்டை விரலாலும் அடுத்த இரண்டு விரலாலும் மூன்று நான்கு நாற்றைப் பிரித்து, வேரை மேலே விடாமல் சேற்றில் ஊன்றி, ஒரு அடி பின்னால் வைக்க வேண்டும். ஆழமாக அமுக்கினால் தூர் கட்டாது, மேலாக வைத்தால் மிதக்கும். மூன்றாம் நாள் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்துவிட்டது. ராத்திரி இவர் மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துச் சூடாக்கி, என் காலைத் தன் மடியில் வைத்துப் போட்டுவிட்டார். "வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே போட்டார். வலித்தது. ஆனால் அந்தக் காலை அப்படியே இழுத்துக்கொள்ளாமல் வைத்திருந்தேன்.

எனக்கு நாள் கூலி 200 ரூபாய், பத்து மணிக்கு டீயும் ஒரு வடையும். மத்தியானத்துக்குள் கரையேறிவிடலாம். குறுவை அந்த வருஷம் எங்கு பார்த்தாலும் பச்சை. வேலை தினமும் இருந்தது.

இவருக்கு இல்லை. இதுதான் நான் எதிர்பார்க்காதது. ஊரில் வயல் நிறைய வேலை நடக்கிறது, பெண்டாட்டிக்கு மூச்சுவிட நேரமில்லை, புருஷனுக்கு வேலை இல்லை. உழுவதற்கு டிராக்டர் வந்துவிட்டது. அறுப்புக்குப் பெல்ட் போட்ட மிஷின் வந்து, ஒரு ஏக்கரை ஒரு மணி நேரத்தில் அறுத்து, தூற்றி, நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. ஆம்பளை ஆளுக்கு மிச்சம் இருப்பது வரப்பு கழிக்கிறது, அண்டை வெட்டுகிறது, நாற்று பறிக்கிறது, உரம் தூவுகிறது, மருந்து அடிக்கிறது. அதற்கு ஏற்கெனவே ஊரில் இருந்தவர்கள் செட்டு சேர்ந்து இருக்கிறார்கள். அவர்களோடு சென்னை, கோவை, திருப்பூரிலிருந்து திரும்பின பையன்கள். இவர் போய்க் கேட்டால், "நாளைக்குச் சொல்றோம்ணே" என்பார்கள். நாளைக்குச் சொல்லமாட்டார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போனார், அங்கே சுமை தூக்குகிறவர்கள் தங்களுக்குள் முறை வைத்திருந்தார்கள். நீடாமங்கலம் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிக்கு நெல் மூட்டை ஏற்றுகிற இடத்திலும் அப்படித்தான். அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன், அதுவும் நாலு பேர் சோறு. வாடகைக்கு ஒரு தட்டுவண்டி எடுத்து மாம்பழம் விற்றுப் பார்த்தார். ஒரு வாரம். கையில் இருந்த 1,500 ரூபாயில் 600 திரும்பி வந்தது.

வேலை தேடிப் போகிற மனிதனின் நடை பத்து நாளில் மாறிவிடும், நான் கண்ணால் பார்த்தேன். முதல் வாரம் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். அயர்னிங் வேலை பார்த்தவர் இல்லையா, சட்டைக் காலர் கத்தி மாதிரி இருக்கும். இரண்டாவது வாரம் தேய்க்கவில்லை. மூன்றாவது வாரம் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். டீ வேண்டாம் என்று ஆகிவிடவில்லை, யாராவது வாங்கிக் கொடுத்தால் திருப்பி வாங்கிக் கொடுக்கக் கையில் காசு இல்லை. அது புரிந்து, நடவுக்குப் போகும் முன்னால் அவர் சட்டைப் பையில் ஒரு இருபது ரூபாய்த் தாளை வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து அரிசிப் பானையில் கையை விட்டால், படிக்குக் கீழே அந்த இருபது ரூபாய் மடிக்காமல் இருந்தது. மறுநாளும் வைத்தேன். மறுநாளும் அரிசிப் பானைக்கு வந்தது. நாலு நாள் இப்படி நடந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் நான் வைக்கவில்லை.

அவர் சும்மா இருந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் வரும்போது வெந்நீர் தயாராக இருக்கும். மகளுக்குத் தலை வாரி, வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தை எழுத வைத்திருப்பார். குழம்பு வைத்திருப்பார். ஊரில் சிலர் ஜாடையாகப் பேசினார்கள். அதை நான் எழுத விரும்பவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். வேலை இல்லாத காலத்தில் எங்களைத் தின்றது வறுமை மட்டும் இல்லை. ஒருவருக்கு வேலை இருந்து மற்றவருக்கு இல்லாமல் இருந்ததும்தான். திருப்பூரில் இரண்டு பேரும் சும்மா இருந்தபோது சேர்ந்து சிரித்தோம், தாயம் விளையாடினோம், ஒரு முட்டையைப் பாதி பாதி தின்றோம். ஊரில் எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. களைப்பில் நான் சீக்கிரம் தூங்கிப்போவேன், அவர் விழித்துக்கொண்டு படுத்திருப்பார்.

ஆகஸ்டில் பவுன் 40,000 ரூபாயைத் தாண்டி நின்றது. ஊரே நகையை எடுத்துக்கொண்டு அடகு வைக்க ஓடியது, நானும் என் ஒரு பவுன் தோட்டைக் கொண்டு போனேன். கல்யாணத்தின்போது அப்பா வாங்கின விலையைவிட அதிகமாகவே கடன் கொடுத்தார்கள். திருப்பூர் வாடகைப் பாக்கியை அதில் அடைத்தோம். அந்த மாதக் கடைசி நாள், ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் நாட்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கிவிட்டது என்று டிவியில் செய்தி வாசித்தார்கள். எல்லாத் தொழிலும் கீழே போக, விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது என்றார்கள். அத்தை வீட்டு டிவிக்கு முன்னால், காலை நீட்டி உட்கார்ந்து நான் அதைக் கேட்டேன். அந்த 3.4-ல் எங்கள் ஊர்ப் பெண்களின் இடுப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

குறுவை அறுப்புக்கு மிஷின் வந்தது. எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. புரட்டாசிக் கடைசியிலிருந்து, குறுவை அறுத்த வயலில் அடுத்த போகமான தாளடி நடவு. குறுவை நிறையப் போட்டதால் தாளடியும் நிறைய, எல்லா வயலும் ஒரே சமயத்தில் ஆள் கேட்டது. எங்கள் செட்டை நடத்துகிற சித்தி நாள் கூலியை விட்டுவிட்டு ஏக்கர் கணக்கில் குத்தகை பேசினார். நாற்றும் நாமே பறித்து நடவும் போட்டுக் கொடுத்தால் ஏக்கருக்கு 3,600 ரூபாய். பன்னிரண்டு ஆள் வேண்டும். பதினொன்றுதான் இருந்தோம், ஒருத்திக்குப் பேறு காலம். சித்தி எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, எங்கெங்கோ ஆள் கேட்டும் கிடைக்கவில்லை என்று அத்தையிடம் அலுத்துக்கொண்டார்.

இவர் தூணில் சாய்ந்து நின்றவர், "நான் வரட்டுமா சித்தி?" என்றார்.

சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நாத்து பறிக்கவா?"

"நடவும் போடுறேன்."

டெல்டாவில் ஆண்கள் நாற்று பறிப்பார்கள், முடியைக் கட்டி வயலில் வீசுவார்கள். குனிந்து நாற்று நட மாட்டார்கள். வடக்கிலிருந்து வந்த ஆண்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வரிசையாக நின்று நடுவதைப் போன வருஷம் ஊருக்கு வந்தபோது பஸ்ஸிலிருந்து பார்த்ததாக இவர் சொன்னார். "அவங்க நடுறாங்க, நான் நட்டா பயிர் வராதா?" அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டார். சித்தி கொஞ்ச நேரம் யோசித்து, "காலம்பற அஞ்சு மணிக்கு வந்துரு. பாதியில கரையேறுனா பங்கு கிடையாது, சொல்லிட்டேன்" என்றார்.

முதல் நாள் என் பக்கத்திலேயே இடம் பிடித்தார். அவர் வரிசை வளைந்து வளைந்து போனது. ஆழமாக அமுக்கினார். "தேய்க்கிற மாதிரி அமுக்காதீங்க, ஊசியில நூல் கோக்கிற மாதிரி வைங்க" என்றேன். பெண்கள் சிரித்தார்கள், அப்புறம் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவர் விட்ட இடைவெளியைச் சேர்த்து நட்டுக்கொண்டு போனார்கள். மத்தியானம் வரப்பில் படுத்துவிட்டார். நான்காம் நாள் சித்தியே திரும்பிப் பார்த்து, "பரவாயில்லடா" என்றார். ராத்திரி இரண்டு பேர் காலிலும் மஞ்சள் பற்று. மகளுக்கு அதைப் பார்க்க ஒரே வேடிக்கை, தனக்கும் பூசச் சொல்லிக் காலை நீட்டினாள்.

அந்தத் தாளடிப் பயிரை நவம்பரில் நிவர் புயலும், அதற்கடுத்துப் புரெவி மழையும், அறுக்கிற நேரத்தில் ஜனவரி மழையும் சேர்ந்து என்ன செய்தன என்பது நிலக்காரர்கள் எழுத வேண்டிய கதை. நான் சொல்ல வந்தது ஐப்பசியில் ஒரு சாயங்காலம்.

ஆறு நாளில் எட்டு ஏக்கர் முடித்திருந்தோம். 28,800 ரூபாய். பிள்ளையார் கோயில் படியில் சித்தி முந்தானையை விரித்து, அதில் நோட்டுகளைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து அடுக்கினார், ஆளுக்கு 2,400. குத்தகையில் பொம்பளைக் கூலி, ஆம்பளைக் கூலி என்று இல்லை, நின்ற ஆளுக்கு ஒரு பங்கு. ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். எங்கள் முறை வந்ததும் இரண்டு பங்கையும் ஒன்றாகச் சேர்த்து, எச்சில் தொட்டு ஒருமுறை எண்ணி, இவரிடம் நீட்டினார்.

"இந்தாப்பா, ரெண்டு பேருக்கும் சேத்து இருக்கு."

இவர் தன் பங்கை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மீதியை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அவ பங்க அவகிட்டயே குடுங்க சித்தி."